ஒரு பெயரின் பின்னே ஆயிரம் ஆண்டுகள்

சொந்த மண்ணை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நம்மில் பலர், அலுவலகத்திலோ பள்ளியிலோ ஒரு படிவத்தை நிரப்பும்போது, 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தின்முன் சற்றே தயங்கியிருப்போம். தந்தையின் பெயரை எழுதுவதா, ஊரின் பெயரை எழுதுவதா என்று எண்ணிப் பார்த்து, முடிவில் ஏதேனும் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்போம். அன்று எழுதியது நம் பிள்ளைகளின் பெயரோடும் ஒட்டிக்கொண்டுவிட்டதைப் பின்னர்க் கண்டிருப்போம். குடும்பப் பெயர் என்பது எங்கிருந்து வருகிறது? அதை இடுபவர் யார்? மாற்றுபவர் யார்? அப்பெயரைப் பற்றிக்கொண்டு எவ்வளவு தொலைவு பின்னோக்கிச் செல்ல இயலும்? இவ்வினாக்களுக்கு விடை காண, ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலுள்ள அயர்லாந்துத் தீவுக்கு இன்று செல்வோம். அங்கு வழங்கும் ஒரே ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு அதன் சுவட்டைப் பின்பற்றிப் பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் பெயர் 'ஓ கிளேரி' என்பது. இதனைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. அயர்லாந்தின் மிகப் பழைய குடும்பப் பெயர்களுள் இது ஒன்று. அஃதன்றியும், பிறருடைய குலவரலாற்றை எழுதிக் காப்பதையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்ட குடும்பம் இது. ஊரார் வரலாற்றையெல்லாம் எழுதிவைத்த குடும்பத்தின் வழிவந்தோர், பிற்காலத்தில் தம் வரலாற்றையே தேடி அலைய வேண்டியதாயிற்று. அது நேர்ந்த விதந்தான் இக்கட்டுரையின் பொருள்.

பண்டை அயர்லாந்தில் நிலையான குடும்பப் பெயர் இருந்ததில்லை. ஒருவன் தன் பெயரோடு தந்தையின் பெயரைச் சேர்த்து, இன்னாரின் மகன் என்று சொல்லிக்கொண்டான். ஐரிஷ் மொழியில் 'மாக்' என்பதற்கு மகன் என்று பொருள். 'ஓ' என்பதற்குப் பேரன் அல்லது வழித்தோன்றல் என்று பொருள். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன்னால் இடுகிறோம். தலைமுறைதோறும் அவ்வெழுத்து மாறுகிறது. அயர்லாந்திலும் முதலில் அவ்வாறே மாறி வந்தது. கி.பி. பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் அவ்வழக்கம் மெல்ல மாறி, புகழ்பெற்ற ஒரு முன்னோனின் பெயரே பின்வந்தோர் அனைவருக்கும் நிலைத்தது. 1014-ஆம் ஆண்டு கிளான்டார்ஃப் போரில் மாண்ட பிரயன் போரு மன்னனின் வழியினர் 'ஓ பிரயன்' எனப்பட்டது இவ்வாறே. பெண்ணாயின் 'ஓ' என்பதற்குப் பதிலாக 'நீ' என்னும் சொல் பெயரின் முன் நிற்கும். ஆங்கிலப் பதிவேடுகளில் இந்த வேறுபாடு மறைந்துபோயிற்று.

'கிளேரி' என்பதன் மூலம் 'கிளேரெக்' என்னும் ஆட்பெயர். சமயப் பணியாளன், எழுத்தறிந்தவன் என்பது அதன் பொருள். ஒன்பதாம் நூற்றாண்டில், தீவின் மேற்கிலுள்ள கால்வே பகுதியின் தென்பாகத்தில், 'அயினே' என்னும் சிறு நாட்டை ஆண்ட குடியில் கிளேரெக் என்னும் பெயருடைய ஒருவன் இருந்தான். அவன் வழிவந்த அயினேயின் தலைவன் ஒருவன் இறந்த செய்தி, 916-ஆம் ஆண்டின்கீழ் ஆண்டுக்குறிப்பு நூலில் காணப்படுகிறது. அக்குறிப்பிலே அவன் பெயரோடு 'ஓ கிளேரி' என்பது சேர்ந்து வருகிறது. இதனைக் கொண்டு, ஐரோப்பாவிலேயே மிகப் பழைய குடும்பப் பெயர் இது என்று சொல்வாரும் உளர். ஆயினும் இங்கே நாம் சற்று எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். 'ஓ' என்பதற்குப் பேரன் என்பதே நேர்ப்பொருள். பேரன் ஒருவன் பாட்டன் பெயரைச் சொல்லிக்கொள்வது வேறு. கொள்ளுப்பேரனும் அவனுக்குப் பின் வந்தோரும் அப்பெயரையே தாங்குவது வேறு. பிந்தியது நிகழ்ந்த பிறகே அது பரம்பரைப் பெயராகிறது. பெயராராய்ச்சியில் நாம் கற்கும் முதற் பாடம் இது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நார்மானியப் பிரபுக்களின் ஆதிக்கம் மேற்கு நாட்டில் பரவியபோது, ஓ கிளேரி குடியினர் அயினேயை இழந்து பல திசைகளில் சிதறினர். ஒரு கிளையினர் வடமேற்கே டோனகால் நாட்டை அடைந்தனர். அங்கே ஓ டானல் என்னும் அரச குடிக்கு வரலாற்றாசிரியராய் இருந்த குடும்பத்தில் அவர்களுள் ஒருவன் பெண் கொண்டான். அக்குடும்பத்தின் பதவி நாளடைவில் ஓ கிளேரியர்க்கு வந்து சேர்ந்தது. ஆட்சியை இழந்தவர்கள் ஏட்டைக் கையில் எடுத்தார்கள். கடலோரத்தில் கில்பாரன் என்னும் இடத்தில் அவர்களுக்குக் கோட்டையும் மானிய நிலங்களும் இருந்தன.

வரலாற்றாசிரியனுக்கு அத்துணைச் சிறப்பு ஏன் எனில், பழைய ஐரிஷ் சட்டத்தில் நிலவுரிமையும் அரசுரிமையும் உறவுமுறையைப் பொறுத்தே நின்றன. ஒரே கொள்ளுப்பாட்டனின் வழிவந்தோர் ஒரு குடும்பமாகக் கருதப்பட்டனர். ஆகவே வமிசாவளி என்பது வெறும் பெருமைப் பேச்சன்று. அதுவே உரிமைப் பத்திரம். அதை மனப்பாடமாகவும் ஏட்டிலும் வைத்திருந்தவன், இந்நாளில் பத்திரப் பதிவாளன் வகிக்கும் இடத்தை வகித்தான். அதே காரணத்தால் அவன் எழுதியதனைத்தையும் அப்படியே நம்புதலும் ஆகாது. தன்னைப் புரக்கும் தலைவனின் மரபை விவிலிய நூலின் நோவா வரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது.

1601-இல் கின்சேல் என்னும் இடத்தில் ஐரிஷ் தலைவர்கள் ஆங்கிலப் படையிடம் தோற்றனர். 1607-இல் வடநாட்டுத் தலைவர்கள் கப்பலேறி ஐரோப்பாக் கண்டத்துக்குச் சென்றுவிட்டனர். அவர்களுடைய நிலங்கள் இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்த குடியேறிகளுக்குப் பங்கிடப்பட்டன. புரந்தவர் போனபின் புலவர்க்கு இடமேது? அந்த இருண்ட நாட்களில், மீஹால் ஓ கிளேரி என்னும் எளிய துறவி முன்வந்தார். ஃபிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த அவர் குருப்பட்டம் பெறாத ஒரு சகோதரர். இன்று பெல்ஜியத்திலுள்ள லூவேன் நகரின் ஐரிஷ் கல்லூரியிலிருந்து 1626-இல் அவர் தாயகத்துக்கு அனுப்பப்பட்டார். அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றார், கிடைத்தவற்றைப் படியெடுத்தார். 1632-ஆம் ஆண்டு ஜனவரியில், ட்ரௌஸ் ஆற்றங்கரையில், தம் மடத்தை இழந்து எளிய இருப்பிடத்தில் வாழ்ந்த துறவியரிடையே அமர்ந்து, அயர்லாந்தின் வரலாற்றை ஆண்டுவாரியாகத் தொகுக்கத் தொடங்கினார். துணைவர்களுடன் அவர் செய்த அப்பெருந்தொகுப்பு 1636 ஆகஸ்டில் முடிவுற்றது. தொன்மக் காலம் முதல் 1616-ஆம் ஆண்டு வரை செல்லும் அந்நூல் 'நான்கு ஆசிரியர்களின் ஆண்டுக்குறிப்பு' என்று வழங்குகிறது. 916-இல் இறந்த அயினேத் தலைவனைப் பற்றிய குறிப்பு, அவன் குடிப்பெயரையே தாங்கியவர்களின் கையால் இந்நூலில் நமக்குக் கிடைப்பது நினைக்கத்தக்கது.

அந்நால்வருள் மற்றொருவரும் ஓ கிளேரி குடியினரே. அவருடைய ஐரிஷ் பெயர் 'பெரிகிரின்' என்றும் வழங்குகிறது. அவர் நிலத்தை இழந்து மேற்கே மேயோ நாட்டுக்குச் சென்று, 1664-இல் இறந்தார். அவருடைய உயில் நமக்குக் கிடைத்துள்ளது. தம் உடைமைகளுள் தமக்கு மிகவும் அருமையானவை தம் புத்தகங்களே என்று கூறி, அவற்றைத் தம் இரு மைந்தர்க்கும் அவர் விட்டுச் செல்கிறார். நிலமும் கோட்டையும் போன வீட்டில் எஞ்சிய சொத்து அதுதான்.

குடியின் நிலை இவ்வாறாக, பெயரின் நிலை என்னாயிற்று? 1465-ஆம் ஆண்டிலேயே, டப்ளினைச் சூழ்ந்த ஆங்கில ஆட்சிப் பகுதியில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள் ஆங்கிலக் குடும்பப் பெயர் பூணவேண்டும் என்று ஒரு சட்டம் பிறந்தது. ஊர்ப் பெயரோ, வெள்ளை, கறுப்பு போன்ற நிறப் பெயரோ, கொல்லன், தச்சன் போன்ற தொழிற் பெயரோ வைத்துக்கொள்ளுமாறு அச்சட்டம் பணித்தது. அதன் ஆணை எல்லை சிறிது. ஆயின் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வாழ்க்கை நெருக்கடியே அதனினும் பெரிய சட்டமாயிற்று. வரிக் கணக்கனும் நிலக்கிழாரின் முகவனும் ஆங்கிலத்தில் எழுதினர். காதில் விழுந்ததை எழுதினர். மக்களும் முன்னொட்டைத் தாமே உதறினர். ஓ கிளேரி என்பது 'ஓ'வை இழந்து கிளேரி ஆயிற்று, கிளியரி ஆயிற்று. சிலவிடங்களில் அது மொழிபெயர்க்கவும் பட்டது. எழுத்தறிந்தவன் என்னும் பொருளுக்கு ஆங்கிலத்தில் நேரான பெயர் 'கிளார்க்' என்பதன்றோ? ஆகவே வடபகுதியில், குறிப்பாகக் கவன் வட்டாரத்தில், ஓ கிளேரியர் பலர் கிளார்க் ஆயினர்.

ஆராய்ச்சியாளனுக்கு இடர் தொடங்குவது இங்கேதான். கிளார்க் என்பது இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பரவலாக வழங்கும் பெயர். அப்பெயரோடு குடியேறியவர்களும் அயர்லாந்தில் பல்லாயிரவர். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் வாழும் இரு கிளார்க் குடும்பங்களுள், ஒன்று ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய ஐரிஷ் குடியாகவும், மற்றொன்று நானூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த குடியாகவும் இருத்தல் கூடும். பெயர் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும். பிறந்த நாட்டைக் கொண்டும் இதனைத் தீர்மானிக்க இயலாது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை இயற்றிய கால்டுவெல் 1814-இல் அயர்லாந்தில் பிறந்தவரே. அவர் பெற்றோரோ ஸ்காட்லாந்தினர்.

இன்று கிளார்க் குடும்பத்தினர் ஒருவர் தம் மூலத்தைத் தேடப் புகுந்தால் என்ன செய்வார்? ஆயிரம் ஆண்டுக்கு முன்னிருந்து தொடங்கலாகாது. தம் பாட்டியிடமிருந்து தொடங்க வேண்டும். அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிப் படிப்படியாகப் பின்செல்வதே இவ்வாராய்ச்சியின் நெறி. அதற்குத் திறவுகோல் ஊர்ப் பெயர். அயர்லாந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஊர் தெரியாமல் பெயரை மட்டும் அறிந்தவர், கடலில் எறிந்த ஊசியைத் தேடுபவரே ஆவர்.

ஊர் தெரிந்தவருக்கு முதலில் உதவுவன 1901, 1911 ஆகிய ஆண்டுகளின் மக்கட்கணக்கு ஏடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய படிவமே இன்றும் உள்ளது. பெயர், வயது, சமயம், தொழில், ஐரிஷ் மொழியறிவு ஆகியவற்றை அதிற் காணலாம். 1911-ஆம் ஆண்டுப் படிவத்தில், மணமான பெண்கள் தாம் ஈன்ற பிள்ளைகள் எத்தனை, அவருள் உயிரோடு இருப்பவர் எத்தனை என்றும் தெரிவிக்க வேண்டியிருந்தது. அவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் ஒரு தாயின் வாழ்வு முழுவதும் அடங்கிவிடுகிறது. அதற்கு முன்னே செல்ல, 1864-இல் தொடங்கிய பிறப்பு இறப்புப் பதிவுகள் உதவும்.

அதற்கும் முன்னே செல்ல முயல்பவர் ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பில் வந்து நிற்பார். 1861, 1871 ஆண்டுகளின் மக்கட்கணக்குப் படிவங்கள், எண்ணிக்கை எடுத்து முடிந்ததும் அரசாங்கத்தாலேயே அழிக்கப்பட்டன. 1881, 1891 ஆண்டுகளின் படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் ஏடுகளோ டப்ளினில், நான்கு நீதிமன்றங்கள் எனப்படும் பெருமாளிகையை ஒட்டிய ஆவணக் களரியில் பத்திரமாக இருந்தன. 1922-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அம்மாளிகையை ஒரு சாரார் பிடித்துக்கொள்ள, மற்றொரு சாரார் பீரங்கி கொண்டு தாக்கினர். ஜூன் 30-ஆம் நாள் நிகழ்ந்த வெடிவிபத்திலும் தீயிலும் எழுநூறு ஆண்டு ஆவணங்கள் சாம்பலாயின. எரிந்த தாள்கள் நகரின்மேல் பறந்து விழுந்தன. மக்கட்கணக்கு ஏடுகளில் சில சிதறல்களே தப்பின. உயில்கள் பெரும்பாலும் அழிந்தன. அரசாங்கத் திருச்சபையாக முன்பு விளங்கிய அயர்லாந்துத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பாதிக்கு மேற்பட்டவையும் மாண்டன. கத்தோலிக்கக் கோயில்களின் பதிவேடுகளோ, அரசாங்கம் அவற்றை ஒரு பொருட்டாகக் கொள்ளாமையால், அந்தந்தக் கோயிலிலேயே கிடந்து பிழைத்தன. மதிப்பற்றவை என்று விடப்பட்டவை இன்று விலை மதிப்பற்றவையாயின. அவற்றில் தந்தை பெயரோடு தாயின் பிறந்தவீட்டுப் பெயரும், ஞானப்பெற்றோர் பெயர்களும் எழுதப்பட்டிருப்பது ஆராய்ச்சிக்குப் பெருந்துணை.

எரிந்துபோன ஏட்டைப் படிப்பதற்கும் ஒரு வழி கிடைத்தது. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுபது வயது நிரம்பிய ஏழை முதியோருக்கு 1909 ஜனவரி முதல் வாரந்தோறும் உதவித்தொகை வழங்கப்பட்டது. வயதுக்குச் சான்று வேண்டும்; பிறப்புப் பதிவோ 1864-இல்தான் தொடங்கியது. கிழவர்களும் கிழவிகளும் என்ன செய்வார்கள்? 1839 ஜனவரி 6-ஆம் நாள் இரவு, நாடெங்கும் கூரைகளைப் பறக்கவிட்ட ஒரு பெரும்புயல் வீசியது. 'பெருங்காற்றடித்த இரவு எனக்கு நினைவிருக்கிறது' என்று சொல்வது ஒருவகைச் சான்றாயிற்று. 1901-ஆம் ஆண்டுக் கணக்கில் கூறிய வயதோடு 1911-ஆம் ஆண்டுக் கணக்கை ஒத்துப் பார்த்தால், பத்தாண்டுகளில் பத்து வயதுக்குமேல் மூத்தவர்கள் பலர் என்பது புலனாகும்! உறுதியான சான்று வேண்டியபோது, விண்ணப்பக்காரரின் பெற்றோர் பெயரையும் ஊரையும் கேட்டெழுதி, ஆவணக் களரி எழுத்தர்கள் 1841, 1851 ஆண்டு ஏடுகளில் தேடினர். கண்டதைப் படிவத்தில் குறித்தனர். பின்னர் ஏடு எரிந்தது. குறிப்பெடுத்த படிவங்கள் வேறிடத்தில் இருந்தமையால் எஞ்சின. மன்னரின் வமிசாவளியை எழுதிய புலவரின் மரபினரை, வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் வேண்டி ஒரு முதியவள் கொடுத்த விண்ணப்பத்தில் இன்று நாம் தேடுகிறோம்.

வரி ஏடுகளும் இவ்வாறே உதவுகின்றன. 1823 முதல் 1837 வரை எழுதப்பட்ட திருச்சபைத் தசமபாகக் கணக்குகள் உழவர் பெயரைத் தருகின்றன. 1847 முதல் 1864 வரை ரிச்சர்டு கிரிஃபித் என்பவரின் மேற்பார்வையில் தயாரான நிலமதிப்பீட்டு ஏடு, ஒவ்வொரு சிற்றூரிலும் நிலமோ வீடோ கொண்டிருந்தவர் இன்னார் என்று காட்டுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்ந்தது 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம். ஏறக்குறையப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். முதல் ஏட்டில் இருந்து, அடுத்த ஏட்டில் இல்லாத பெயர் ஒவ்வொன்றும் நம்மை ஒரு கணம் நிறுத்துகிறது. அக்குடும்பம் கப்பலேறிற்றா, கல்லறை சேர்ந்ததா என்று ஏடு சொல்வதில்லை.

1893-இல் ஐரிஷ் மொழியைக் காக்க ஒரு கழகம் தோன்றியபின், இழந்த 'ஓ'வையும் 'மாக்'கையும் பலர் மீண்டும் பூண்டனர். 1957-இல் ஐரிஷ் குடும்பங்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட எட்வர்டு மாக்லைசாட் என்னும் அறிஞரே, லைசாட் என்றிருந்த தம் பெயரோடு 'மாக்' சேர்த்துக்கொண்டவர். 1916-ஆம் ஆண்டு எழுச்சியின் தலைவர்களுள் ஒருவராய்த் தூக்குமேடைக்கு நிகரான துப்பாக்கிகளின்முன் நிறுத்தப்பட்டு உயிர்நீத்த தாமஸ் கிளார்க், டப்ளினிலிருந்த தம் சிறிய புகையிலைக் கடையின் முகப்பில் 'ஓ கிளேரி' என்று ஐரிஷ் எழுத்தில் பொறித்திருந்தார். அவர் தந்தை ஆங்கிலப் படையில் பணியாற்றியவர். கில்பாரன் கோட்டைப் புலவரோடு அவருக்குக் குருதித் தொடர்பு உண்டா என்று அக்கடைப் பலகை நமக்குச் சொல்வதில்லை. தாம் எவருடன் நிற்க விரும்பினார் என்பதை மட்டும் அது ஐயமின்றிச் சொல்கிறது.

ஆராய்ச்சியின் எல்லையை இது காட்டுகிறது. எளிய குடும்பம் ஒன்றின் சுவடு பெரும்பாலும் 1800-ஆம் ஆண்டை ஒட்டி மங்கிவிடும். 1664-இல் பெரிகிரின் ஓ கிளேரி விட்டுச்சென்ற புத்தகத்துக்கும், கோயிற் பதிவேட்டின் முதல் வரிக்கும் இடையே நூற்றாண்டுக்கு மேற்பட்ட இருள் கிடக்கிறது. பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு அவ்விருளைத் தாண்டிக் குதிப்பவர், நோவா வரை மரபு நீட்டிய பழம்புலவரின் வழியையே பின்பற்றுகிறார். நேர்மையான ஆராய்ச்சியாளர் விளக்கு அணையும் இடத்தில் நின்று, இதுகாறும் வந்தேன் என்று கூறுவார். ஆயினும் தேடும் முயற்சி ஓய்ந்துவிடவில்லை. ஆவணக் களரியில் இருந்தவை யாவை என்று ஹெர்பர்ட் வுட் என்னும் அதிகாரி 1919-இல் ஓர் அட்டவணை நூல் வெளியிட்டிருந்தார். மூன்றாண்டில் களரி எரிந்தது. அவ்வட்டவணையைக் கையிற் கொண்டு, எரிந்தவற்றின் படிகள் உலகில் எங்கெங்கே உள்ளன என்று தேடிச் சேர்த்து, தீ மூண்டு நூறாண்டு நிறைந்த 2022-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியினர் கணிப்பொறி வாயிலாக ஓர் ஆவணக் கருவூலத்தைத் திறந்தனர். ஏடு தேடி நடந்த மீஹால் ஓ கிளேரியின் பணி இன்றும் தொடர்கிறது என்றே நாம் கொள்ளலாம்.

ஓ கிளேரி என்னும் ஒரு பெயர் நமக்குக் கற்பிப்பது யாது? பெயர் ஒரு கைவிளக்கு. அது வழிகாட்டும், ஆனால் அதுவே வழியாகாது. வழியாக அமைவன ஓர் ஊரின் பெயர், ஒரு தாயின் பிறந்த வீடு, ஒரு முதியவளின் விண்ணப்பம் ஆகிய சிறு செய்திகளே. அவற்றை எழுதிவைத்தவர்கள் வரலாறு எழுதுவதாக எண்ணியவர்கள் அல்லர். ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நாம், நம் வீட்டுப் பெரியோர் இருக்கும்போதே அவர்கள் வாய்ச்சொல்லாக அவர்தம் ஊரையும் பெயரையும், அவர்கள் ஒலிக்கும் வண்ணமே ஒரு நோட்டில் குறித்து வைப்போமாக. படிவத்தின் கட்டத்துக்குள் அடங்காதது அதில் அடங்கும்.